நடுகல் கேட்கும் கேள்வி

சவ்வாது மலையிலிருந்து செங்கம் நோக்கி இறங்கும் வழியில், புளியமரத்தடியில் ஒரு கல். கல்லின்மீது மஞ்சள், மஞ்சளின்மீது எண்ணெய், எண்ணெயின்மீது குங்குமம். முன்னே அணைந்துபோன அகல், காய்ந்துபோன மாலை. பள்ளிப் பிள்ளைகளுடன் அவ்வழியே சென்றுகொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றொருத்தியோ கல்லை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, வில்லும் கையுமா ஒரு ஆளு நிக்கிறாரே, இவரு சாமியா, செத்துப்போன மனுசரா?" என்று கேட்டாள்.

மனிதர்தான் அம்மா என்றேன்.

"அப்போ அவரு பேரு என்ன?"

விடை என்னிடம் இல்லை. கல்லிடம் இருந்தது, ஆனால் எழுத்து இருந்த இடத்தை எண்ணெய்ப் பிசுக்கு மூடிக்கிடந்தது.

அந்தச் சிறுமி கேட்ட கேள்வி சிறியதன்று. போரில் மாண்டவனை ஒரு சமுதாயம் எப்படிப் போற்ற வேண்டும்? அவனைக் கும்பிடுவது போற்றுதலா? அவனுக்குச் சிலை வைப்பது போற்றுதலா? அல்லது அவன் யார், எதற்காக மாண்டான், அவனை மாளவைத்தது யார் என்று அறிந்துகொள்வது போற்றுதலா? பகுத்தறிவாளர் எனப் பெயர் பூண்ட நாம் இக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

முதலில் அந்தக் கல்லின் வரலாற்றைக் காண்போம். நடுகல் நாட்டுவது தமிழன் கண்ட தொன்மையான வழக்கம். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியமே வகுத்துக் கூறுகிறது. செங்கம் வட்டாரத்தில் மட்டும் இத்தகைய கற்கள் ஏராளம். அவற்றைத் தேடித் தொகுத்து, 1972-இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது. அந்நூலைப் புரட்டினால் மாமன்னர்களின் வெற்றி முழக்கம் காதில் விழாது. ஆநிரை கவர வந்தவனோடு பொருது மாண்ட காவற்காரன், ஊரைக் காக்க வீழ்ந்த இளைஞன், இத்தகைய எளியோரின் செய்திகளே பக்கமெங்கும் உள்ளன. மன்னன் பெயரும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கவே வருகிறது. கல்லின் நாயகன் மன்னனல்லன், மாண்டவன்!

எடுத்தனூர்க் கல்லை எண்ணிப் பாருங்கள். மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் பட்டான். அவனுக்குக் கல் எடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. அவனோடிருந்து, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயையும் அதே கல்லில் வடித்தார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்து வைத்தார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், எருமை மேய்த்தவனின் பெயரும் அவன் நாயின் பெயரும் கல்லில் ஏறின. நன்றி என்பதன் இலக்கணம் இது.

இனி, அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வேலூருக்கு வாருங்கள். நீண்ட கடைவீதியிலே ஒரு மணிக்கூண்டு. முதல் உலகப் போரின் நினைவாக அதில் ஒரு கல்வெட்டு. வேலூரிலிருந்து போருக்குச் சென்றவர் 277 பேர். அவர்களில் உயிர் நீத்தவர் 14 பேர். அவ்வளவுதான் செய்தி! அந்தப் பதினால்வர் யார்? எந்தத் தெரு, எந்தச் சேரி? எந்தத் தாயின் வயிற்றில் பிறந்தவர்கள்? மணிக்கூண்டு மணி காட்டுகிறது. மாண்டவன் பெயரைக் காட்டவில்லை. பல்லவர் காலத்துச் சிற்றூர் நாய்க்குத் தந்த பெருமையை, கதிரவன் மறையாத பேரரசு என்று மார்தட்டியவர்கள் மனிதனுக்குத் தரவில்லை.

இது வேலூரின் குறை மட்டுமன்று. முதல் உலகப் போரில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்றவர்கள் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். மாண்டவர்கள் 74,000 பேர் அளவினர். போரில் இறந்தோரைப் பதவி, இனம், சமய வேறுபாடின்றிச் சமமாக நினைவுகூர்வோம் என்று 1917-இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். கொள்கை பொன்னெழுத்து! நடப்போ வேறு. மெசபடோமியாப் போர்க்களத்தில் வீழ்ந்தவர்களுக்காக பாசுராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் அதன்கீழ் ஓர் எண்ணிக்கையும்தான். ஒரு நூற்றாண்டு கழிந்து, 2021-இல் அந்த ஆணையமே தன் குற்றத்தை அறிக்கையாக வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றி விடப்பட்டார்கள் அல்லது அடியோடு மறக்கப்பட்டார்கள். அத்தொகை 3,50,000 வரையிலும் இருக்கக்கூடும் என்பது அவ்வறிக்கையின் வாக்குமூலம். அவர்கள் யார்? இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர். வருணாசிரமம் நம் நாட்டில் மட்டும் இல்லை தோழர்களே, கல்லறையிலும் நிறம் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள்!

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். "அவர்கள் ஏகாதிபத்தியத்தின் கூலிப்படை அல்லவா? வெள்ளையனுக்காகத் துப்பாக்கி தூக்கியவனை நாம் ஏன் வணங்க வேண்டும்? போரையே வெறுக்கும் நாம் போர்வீரனைப் போற்றலாமா?" என்பார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது, தள்ளிவிட முடியாது. போர்வீரனைப் போற்றுகிறோம் என்ற பெயரால் போரைப் போற்றும் தந்திரம் எல்லா நாட்டு ஆள்வோருக்கும் கைவந்த கலை. மாலை போடும் கையே மறுநாள் அடுத்த தலைமுறையைக் களத்துக்கு அழைக்கும். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. போரை அறிவித்தவன் வேறு. போரில் வீழ்ந்தவன் வேறு. பசிக்குப் படையில் சேர்ந்தவன் உண்டு. ஊரில் தீண்டத்தகாதவன் என்று தள்ளப்பட்டு, சீருடையிலாவது மனிதனாக நிற்கலாம் என்று போனவன் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்குலம், போர்க்குலமல்லாதது என்று மக்களைப் பிரித்து, தென்னாட்டான் போருக்கு உதவான் என்று சென்னைப் படைப்பிரிவுகளைக் குறைத்தது வெள்ளை ஆட்சி. பெரும்போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது அதே தென்னாட்டானைத் தேடி வந்தது. வாழும்போது இழிவு, தேவைப்படும்போது அழைப்பு, செத்தபின் வெறும் எண்! இந்த மூன்றையும் எதிர்ப்பதுதான் அவனைப் போற்றுவதன் பொருள். அவன் பெயரைக் கேட்பது போருக்கு வாழ்த்துக் கூறுவதாகாது. போரின் விலையைக் கணக்குக் கேட்பதாகும். எண்ணை மறப்பது எளிது. பெயர் அப்படியன்று, தாய் யார், மனைவி யார், பிள்ளை என்ன ஆனான் என்று அது கேள்விமேல் கேள்வி கேட்கும்.

இதனை நன்குணர்ந்த ஒருவர் பிரான்சிலே வாழ்ந்தார். லசார் பொந்திசெல்லி என்பது அவர் பெயர். இத்தாலியில் பிறந்த ஏழை. 1914-இல் பிரெஞ்சு அயல்நாட்டவர் படையில் சேர்ந்தவர். அப்போரில் ஈடுபட்ட கடைசி வீரர் மறையும்போது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்வோம் என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. அவரோ முதலில் மறுத்தார். பல இலட்சம் பேர் மரியாதையின்றிச் செத்தார்களே, கடைசியாக மிஞ்சியவன் என்பதற்காக எனக்கு மட்டும் எதற்கு என்பது அவர் எண்ணம். பின்னர், ஆடம்பரமின்றி, மாண்ட எல்லோர் சார்பாகவும் என்றால் ஏற்கிறேன் என இசைந்தார். 2008 மார்ச்சில் தம் 110-ஆம் வயதில் மறைந்தார். உயிரோடிருந்தவர்களை எல்லாம் மறந்துவிட்டு, கடைசியாக ஒருவர் மிஞ்சும்போது மட்டும் பல்லக்குத் தூக்கும் பழக்கத்துக்கு அந்த முதியவர் அளித்த அடி அது.

இன்னொரு வாதமும் உண்டு. களத்தில் செத்தவன் மட்டும்தான் வீரனா? இரண்டாம் உலகப் போரில், 1942-43-இல், சயாமையும் பருமாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதையைச் சப்பானியர் அமைத்தனர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் அதில் மடிந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் மடிந்தோரோ ஏறத்தாழ 90,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள்; வரிசை வரிசையாக, ஒழுங்காக. தோட்டத் தொழிலாளித் தமிழனுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. அவன் கையில் துப்பாக்கி இல்லை, மண்வெட்டிதான் இருந்தது. 2023-இல்தான் காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாகத் தமிழர்கள் ஒரு நடுகல் நாட்டினார்கள். ஆநிரை காத்தவனுக்கு எடுத்த கல்லை, மண் சுமந்தவனுக்கும் எடுத்த அச்செயல் சிறந்த சீர்திருத்தம். பழமையை அப்படியே சுமப்பது மடமை. பழமையின் நல்ல கருத்தை விரித்து எளியோனுக்கு உரியதாக்குவது பகுத்தறிவு. எல்லாப் பழங்கல்லும் போற்றத்தக்கது என்று நான் சொல்லவில்லை. கணவனோடு எரிந்த பெண்ணுக்கு நட்ட சதிக்கல்லும் இந்நாட்டில் உண்டு. அதன்முன் நாம் தலை குனிவது மரியாதையால் அன்று, வெட்கத்தால்.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நமக்கும் மாண்டவர்கள் உண்டு. 1939-இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர் நீத்த நடராசன், தாலமுத்து இருவரையும் நாம் அறிவோம். எழும்பூரில் அவர்கள் பெயரால் மாளிகையே இருக்கிறது. ஆண்டுதோறும் சனவரி 25-இல் வீரவணக்கம் செலுத்துகிறோம். முழக்கம் விண்ணைப் பிளக்கிறது. ஆனால் மேடையை விட்டு இறங்கியபின் நம்மையே கேட்டுக்கொள்வோம்: 1965-இல் தடியடி பட்டு, சிறை சென்று, படிப்பை இழந்து, இன்று நரைத்த தலையோடு நம் ஊரிலேயே வாழும் ஒருவரின் வாசற்படியை எப்போதேனும் மிதித்தோமா? அவர் கதையைக் கேட்டு எழுதி வைத்தோமா? ஓய்வூதிய மனு எழுதத் தெரியாமல் திண்டாடும்போது உடன் சென்றோமா? மாண்டவரின் படத்துக்கு மாலை, வாழ்பவருக்கு மறதி என்றால், நாமும் வேடியப்பன் கோயில் கட்டுகிறவர்களாகிவிடுவோம்!

ஆம், அந்தக் கல்லுக்கே திரும்புகிறேன். செங்கம், தருமபுரிப் பகுதிகளில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. மக்கள் நன்றி கெட்டவர்கள் அல்லர். நன்றியால்தான் விளக்கேற்றத் தொடங்கினார்கள். ஆனால் மனிதன் தெய்வமானபோது அவன் பெயர் போயிற்று, கதை போயிற்று. தெய்வத்திடம் வரம் கேட்கலாம். ஏன் செத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எண்ணாக்கி மறந்தது பேரரசு; கடவுளாக்கி மறந்தோம் நாம். இரண்டிலும் காணாமற்போனவன் மனிதன்.

ஆகவே இளைஞர்களே, நாம் செய்யத்தக்கது எளியது. உங்கள் ஊரில் நடுகல் இருந்தால், சண்டைக்குப் போகாமல், ஊராரோடு பேசி, எழுத்தைப் படித்துச் சொல்லுங்கள். போர் கண்ட முதியவர் இருந்தால், அவர் இருக்கும்போதே சென்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போரைக் கண்டவர் எவரேனும் இன்று மிஞ்சியிருப்பின் நூறு வயதை எட்டியவராகவோ எட்டப்போகிறவராகவோ இருப்பார்; 1971 போரில் நின்றவர்களும் எழுபதைக் கடந்துவிட்டார்கள். காலம் காத்திருக்காது. கேட்கும்போது, எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்காதீர்கள். யாரையெல்லாம் இழந்தீர்கள் என்று கேளுங்கள். சாவதைப் புகழ்ந்து சிறுவர்க்குக் கற்பிக்காதீர்கள். சாகவேண்டிய நிலை ஏன் வந்தது என்று கற்பியுங்கள்.

மறுவாரம் அந்த மாணவி, ஊர்ப் பெரியவரின் ஒப்புதலோடு, ஈரத் துணியால் அந்தக் கல்லின் ஒரு மூலையை மெல்லத் துடைத்தாள். இரண்டு எழுத்துகள் தெரிந்தன. முழுப் பெயர் இன்னும் தெரியவில்லை. ஆனால் விளக்கேற்ற வந்த மூதாட்டி, கும்பிடும் முன், "என்ன எழுதியிருக்கு கண்ணு, படி" என்றார்.