பங்குக் கிணறு



மாசி, பங்குனி மாதங்களில் வெயில் ஏற ஏறக் கிணற்று நீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கிணறு இறைத்துச் சேறு எடுக்க இதுவே தக்க காலம். திருச்சபை நமக்குத் தவக்காலத்தைத் தருவதும் ஏறத்தாழ இதே நாட்களில்தான். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணவைத்த ஒரு நிகழ்ச்சியை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம், சிவன் கோயிலால் யாவரும் அறிந்த ஊர். அங்கே நம்மவர்களான அண்ணன் தம்பி இருவருக்கு ஒரு பங்குக் கிணறு. வேலித் தகராறு ஒன்றில் மனம் முறிந்து, ஐந்து ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை. செலவை யார் முதலில் கொடுப்பது என்ற வீம்பில் கிணறும் சேறு மண்டிக் கிடந்தது. தண்ணீர் நாறத் தொடங்கியபின், இரு வீட்டுப் பெண்களும் கூடிப் பேசி, ஆளுக்குப் பாதி என்று நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுப்பித்தார்கள். அன்று நானும் அங்கே போயிருந்தேன்.

வாடகை மணிக்கணக்கு. நீர் மட்டம் இறங்கியதும் இயந்திரத்தின் இழுவை குறைந்தது. தம்பியானவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மிசினைப் பலகையில் கட்டி உள்ளே இறக்கினால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார். சேறு அள்ள வந்திருந்த முதியவர் தலையை அசைத்தார். "தம்பி, ஒரு மணி நேர வாடகையை மிச்சம் பிடிக்க, என் பிள்ளைகளைத் தகப்பனில்லாதவர்களாக்கப் பார்க்கிறீர்களா?"

அவர் சொன்னது வெறும் பயமன்று. எண்ணெயில் ஓடும் இயந்திரம் விடும் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிணற்றுக்குள் அது தேங்கிவிட்டால், இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். நம் நாட்டிலும் இந்தியாவிலும் ஒரே கிணற்றில் இருவர் மூவராக மாண்ட செய்திகளை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! விளக்கை இறக்கிப் பார்ப்பது முன்னோர் வழக்கம். மூச்சுக் காற்று குறைந்திருந்தால் விளக்கு அணைந்து எச்சரிக்கும். ஆனால் இந்த நச்சை அது காட்டிக்கொடுக்காது. ஆகவே இயந்திரம் எப்போதும் மேலேயே, கிணற்று வாயை விட்டு எட்டவே நிற்கட்டும். கூலிக்கு இறங்குபவனும் கடவுளின் சாயலே.

முதியவர் இன்னொன்றும் செய்தார். கிணற்றை ஒரேயடியாக வற்றவைக்க விடாமல், கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மீண்டும் இறைத்தார். கரையோர மணற்பூமியில் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை அது உவர்நீரைத் தாங்கித் தடுக்கும் என்பது நிலநீர் ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. பேராசையோடு மேல் நீரை உறிஞ்சினால், அடியிலுள்ள உவர் மேலே ஏறும். சுற்றியுள்ள ஈரமணல் நெருக்கிக் கிணற்றுக்கட்டும் இடியக்கூடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நம் கிழக்குக் கரையோர மக்கள் இதைக் கண்ணீரோடு கற்றார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் எண்ணற்ற வீட்டுக் கிணறுகளில் கடல் புகுந்தது. நல்லெண்ணத்தோடு இயந்திரங்களை வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். சேறும் குப்பையும் போயின, உப்பு போகவில்லை. சில இடங்களில் மிதமிஞ்சி இறைத்ததே தீங்காயிற்று. அடுத்தடுத்து வந்த மாரி மழைதான் நிலத்தைக் கழுவிக் கழுவி, மெல்ல மெல்ல நீரைத் தேற்றியது.

முன்னேஸ்வரத்தில் சேறெடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன அளவில் குளோரின் தூள் இட்டு, அந்த நீரையும் இறைத்து வேலையை முடித்தார்கள். அண்ணனும் தம்பியும் பாவசங்கீர்த்தனம் செய்து, கை கொடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்துத் தம்பி என்னிடம் வந்தார். "சுவாமி, காசு செலவழித்தும் தண்ணீரில் உவர்ப்பு நிற்கிறது. கை கொடுத்தும் அண்ணன் இரண்டு வார்த்தைக்குமேல் பேசுவதில்லை."

"இரண்டுக்கும் மழை வேண்டும்" என்றேன்.

அன்பர்களே, நாமும் இப்படித்தான். ஐந்து ஆண்டுச் சேற்றை ஒரு மணி நேர வாடகையில் தீர்க்கப் பார்க்கிறோம். பாவத்தை அறிக்கையிடுவது நம் கடமை. பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதும், முதலில் சென்று பேசுவதும் நம் கடமை. சேற்றை நாம்தான் அள்ளவேண்டும். அதற்கு மழை வராது. ஆனால் நீரை இனிமையாக்குவது நம் கையிலில்லை. அது இறைவனின் அருள் மழை. அது வரும்வரை பழைய கதைகளை மீண்டும் மீண்டும் கிளறி இறைத்துக்கொண்டிருந்தால், அடியிலுள்ள கசப்பே மேலே வரும்.

ஈசாக்கைப் பாருங்கள். பிலிஸ்தியர் மண்ணிட்டு மூடிய தந்தையின் கிணறுகளை அவர் மீண்டும் தோண்டினார். இரண்டு கிணறுகளுக்குச் சண்டை வந்தபோது விட்டுக்கொடுத்து அப்பால் சென்றார். மூன்றாம் கிணற்றில் ஆண்டவர் அவருக்கு இடம் அகலமாக்கினார். யாக்கோபின் கிணற்றருகே நம் ஆண்டவரும், நண்பகல் வெயிலில், களைப்போடு, வாளியுமின்றி அமர்ந்தார். சமாரியப் பெண்ணின் வாழ்வில் படிந்திருந்த சேற்றை ஒவ்வொரு வார்த்தையாக, பொறுமையோடு எடுத்தார். அவர் அவளை அவசரப்படுத்தவில்லை.

இத்தவக்காலத்தில் உங்கள் வீட்டுப் பங்குக் கிணறு எது என்று குடும்பமாக அமர்ந்து கேளுங்கள். சகோதரனா, சம்பந்தியா, பக்கத்து வளவுக்காரரா? பாதிச் செலவை அவர் தரட்டும் என்று காத்திராமல், முழுச் செலவையும் ஏற்கத் துணிந்து இறங்குங்கள். இறங்கியபின் பொறுத்திருங்கள். மழையைத் தருகிறவர் நம்மைக் கைவிடமாட்டார்.