உடைமையாளர் இல்லாத உரிமை

வழக்கறிஞர் யாருக்காகப் பேசுகிறார் என்ற கேள்விக்குப் பெரும்பாலான வழக்குகளில் விடை தேட வேண்டியதில்லை. நிலத்தை இழந்தவர், ஊதியம் மறுக்கப்பட்டவர், சிறையில் இருப்பவர் எனக் கட்சிக்காரர் உடலும் உயிருமாக எதிரே இருக்கிறார். அவருடைய இழப்பே வழக்கின் பொருளாகிறது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்காக, அதாவது வரவில் எந்தப் பகுதியையும் உறுப்பினருக்கோ நிர்வாகிக்கோ பங்காகப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டின்கீழ் இயங்கும் சங்கங்கள், அறக்கட்டளைகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றுக்காக வழக்காடுபவருக்கு அந்தத் தெளிவு வாய்ப்பதில்லை. அவருடைய கட்சிக்காரருக்குப் பசியும் இல்லை, வலியும் இல்லை, உரிமையாளர் என்று சுட்டிக்காட்ட ஒரு மனிதரும் இல்லை. அத்தகைய அமைப்பின் கதவு அடைக்கப்படும்போது பறிபோவது யாருடைய உரிமை என்பது சட்டக் கேள்வியாகத் தொடங்கினாலும், கொடை என்றால் என்ன, கொடுத்தபின் பொருள் யாருடையதாகிறது என்ற சமயக் கேள்வியிலேயே போய் முடிகிறது.

ஐரோப்பியச் சட்டச் சிந்தனை இதற்கு இரண்டு விடைகளைத் தந்தது. ஜெர்மானியச் சட்ட அறிஞர் சாவிக்னி, சங்கம் என்பது வசதிக்காகச் சட்டம் கற்பித்துக்கொண்ட ஒரு புனைவு என்றார். கீர்க்கே என்பவரோ மனிதர் கூடி வாழும் குழுவுக்கு உண்மையான உயிரும் விருப்பமும் உண்டு, சட்டம் அதை அறிந்து ஏற்கிறதே தவிரப் படைப்பதில்லை என்றார். முதல் விடையை ஏற்றால், புனைந்த அரசு தன் புனைவை எப்போது வேண்டுமானாலும் கலைத்துவிடலாம் என்றாகிறது. இரண்டாவது விடையை ஏற்றால், குழுவின் விருப்பம் என்ற பெயரில் அன்றைய நிர்வாகிகளின் விருப்பமே அரியணை ஏறுகிறது. கொடுத்தவரும் பெறுபவரும் இந்த இரு விடைகளிலும் இடம்பெறவில்லை என்பதே பெருங்குறை.

சோழர் காலக் கல்வெட்டுகள் இந்த இடத்தில் உதவுகின்றன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, ஏற்றுவதற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடையாக விடப்பட்டன. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டார். அந்த மந்தையைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. மந்தையில் ஆடுகள் செத்தன, மூத்தன. ஆயினும் பிறக்கும் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்ப, 96 என்ற கடமை மட்டும் சாகாமலும் மூப்படையாமலும் நின்றது. அங்கே ஆட்டுக்கு உடையவர் யார் என்ற கேள்வியைவிட விளக்கு எரிகிறதா என்ற கேள்வியே முதன்மை பெற்றது. சந்திர சூரியர் உள்ளவரை அறம் நிலைக்க வேண்டும் என்று விதித்த கொடையாளர்கள், அதைக் காப்பவரின் பாதங்கள் தம் தலைமேல் இருப்பதாகப் பொறித்துவைத்தனர். கொடுத்தவர் தம்மினும் காப்பவரை உயர்வாக வைத்த இந்தப் பணிவு, அறநிலையங்களுக்காக வாதிடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

பிற மரபுகளும் இந்தத் திசையையே காட்டுகின்றன. வக்ஃபு என்பது வருவாய் அறப்பணிக்குச் செல்லும்படி ஒரு சொத்தை நிரந்தரமாக ஒதுக்கிவைத்தல். ஹனஃபி சட்டமரபில் இமாம் அபூ யூசுஃபின் கருத்துப்படி அச்சொத்தின் உடைமை இறைவனைச் சேர்கிறது, முத்தவல்லி எனப்படுபவர் அதைப் பராமரிப்பவர் மட்டுமே. இந்து அறக்கொடைச் சட்டத்தில் தெய்வத் திருமேனி சொத்து வைத்திருக்கத்தக்க சட்டநபராக, அதாவது வழக்குத் தொடுக்கவும் வழக்கை எதிர்கொள்ளவும் தகுதியுள்ள ஒன்றாக, ஏற்கப்படுகிறது. எனினும் 1956-இல் தேவகி நந்தன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெய்வத்துக்குச் சொத்துடைமை என்பது இலட்சியப் பொருளில் மட்டுமே என்றும், அக்கொடையின் உண்மையான பயனாளிகள் வழிபடுவோரே என்றும் தெளிவுபடுத்தியது. இறைவனுக்குத் தேவை எதுவும் இல்லாததால், இறைவன் பெயரில் வைக்கப்பட்ட பொருள் தேவையுள்ளவரிடமே சென்று சேர்கிறது. இடையில் நிற்கும் எவரும் அதைத் தமதாக்கிக்கொள்ள முடியாது என்பதே அந்தத் திருப்பெயர் தரும் காப்பு.

இந்தக் கருத்து எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதைப் பத்தூர் நடராசர் வழக்கு காட்டியது. காவிரிப் படுகையில் உள்ள பத்தூரில், இடிந்துபோன விசுவநாதர் கோயிலின் அருகே 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனி, பல கை மாறி இலண்டனை அடைந்தது. 1982-இல் கனடிய நிறுவனம் ஒன்று அதை விலைகொடுத்து வாங்கியது. காவல்துறை கைப்பற்றியதும் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. எதிர்நின்று உரிமை கோரியவர்களில் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் இருந்ததோடு, அந்தக் கோயிலும் அங்கிருந்த சிவலிங்கமும்கூட இருந்தன. பூசை நின்று சிதைந்து கிடந்த கற்கட்டடம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்காட முடியுமா என்பது அங்கு அதுவரை கேட்கப்படாத கேள்வி. கோயிலை எழுப்பியவரின் அற எண்ணம் கட்டடத்தோடு அழிந்துவிடவில்லை, அதுவே சட்டநபராக நின்று பேசுகிறது என்ற வாதம் எடுத்துரைக்கப்பட்டது. இங்கிலாந்துச் சட்டம் அறியாத நபராக இருந்தாலும் இந்தியச் சட்டம் ஏற்கும் கோயிலை வழக்காட அனுமதிக்கலாம் என்று 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூற, நடராசர் நாடு திரும்பினார். கட்சிக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு சொல்லும் இல்லாத வழக்கு அது. நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் எதற்காகக் கொடுத்தார் என்பதை மட்டுமே வழக்கறிஞர்கள் கையில் வைத்திருந்தனர், அதுவே போதுமானதாகவும் இருந்தது.

இதிலிருந்து வழக்கறிஞரின் கடமை பற்றி ஒரு கடினமான முடிவு பிறக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள், கட்சிக்காரரின் நலனை அச்சமின்றிக் காக்கவேண்டும் என்கின்றன. அறக்கட்டளையின் சார்பில் வக்காலத்தில் கையொப்பமிடுபவர் அதன் நிர்வாக அறங்காவலராக இருக்கலாம். ஆயினும் கட்சிக்காரர் அவரல்லர், அறக்கட்டளையின் நோக்கமே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு இதற்கு வழி வகுக்கிறது. பொது அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நீதிமன்ற அனுமதி பெற்று, நம்பிக்கை மீறிய அறங்காவலரை நீக்கவும் புதிய நிர்வாகத் திட்டம் வகுக்கவும் வழக்கிடலாம். இத்தகைய வழக்கில் அறங்காவலரைக் காப்பாற்றுவதையே அறக்கட்டளையைக் காப்பாற்றுவதாக எண்ணி வாதாடும் வழக்கறிஞர், தம் கட்சிக்காரருக்கு எதிராகவே பேசிக்கொண்டிருக்கக்கூடும். தொழில்முறை விசுவாசம் என்று போற்றப்படுவது இங்கே துரோகத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

அரசுக்கு எதிரே நிற்கும்போதும் இதே அளவுகோல்தான் பொருந்தும். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவு குடிமக்களுக்கு அளிக்கிறது. ஆனால் அயல்நாட்டு நன்கொடை பெறுவது 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. 2020-இல் கொண்டுவந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெற்ற நிதியை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை அடியோடு தடுத்தது. நிதி திரட்டும் ஆற்றலில்லாத சிற்றூர்த் தொண்டு அமைப்புகள் பல, பெரிய அமைப்புகள் வழியாகவே பணம் பெற்றுவந்தன என்பதை எண்ணினால் இத்தடையின் கடுமை விளங்கும். 2022-இல் நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அயல்நாட்டு நன்கொடை பெறுவதை முழுமையான உரிமையாகக் கொள்ள முடியாது என்று கூறி இத்திருத்தங்களைப் பெருமளவுக்கு ஏற்றது. அதற்கு இரண்டாண்டு முன்பு, கடையடைப்பு, சாலை மறியல் போன்ற போராட்டங்களை ஆதரித்ததற்காக மட்டும், கட்சி அரசியலோடு தொடர்பில்லாத ஓர் அமைப்பை அரசியல் அமைப்பென்று முத்திரை குத்த முடியாது என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

நாட்டின் இறையாண்மையைக் காக்க அரசு பணத்தின் வழியைக் கண்காணிப்பது நியாயமே. அதை மறுக்கும் வாதம் நேர்மையானதாக இராது. ஆனால் கொடையை வெறும் பணப்பரிமாற்றமாகப் பார்க்கும் சட்டம், பணம் கைமாறிய பிறகு உருவாகும் கடமையைக் காணத் தவறுகிறது. ஒரு மருத்துவமனை அயல்நாட்டு நன்கொடையால் சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவி ஒன்றை வாங்கி வறியோருக்குப் பயன்படுத்திவருகிறது என்று கொள்வோம். அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் அது பெற்ற பதிவுச் சான்றிதழ் இரத்தானால், அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அந்த நிதியும் அதனால் உண்டான சொத்தும் அரசு குறித்த அதிகாரியிடம் செல்கின்றன. இரத்து செய்யும் முன் சான்றிதழ் பெற்றவருக்குத் தம் தரப்பைச் சொல்ல 14-ஆம் பிரிவு வாய்ப்பளிக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கருவியின் அருகே படுக்க வேண்டிய நோயாளியைக் கேட்க வேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. தேவகி நந்தன் தீர்ப்பின் தருக்கத்தைச் சமய எல்லைக்கு வெளியே நீட்டினால், அந்த மருத்துவமனையின் உண்மையான பயனாளி அவரே; ஆகவே அமைப்புக்காக மன்றம் ஏறும் வழக்கறிஞர், நிர்வாகிகளின் மனக்குறையை விரிப்பதற்கு முன்பாக, அந்த நோயாளிகளின் நிலையை உறுதிமொழி ஆவணத்தின் முதல் பத்திகளிலேயே எழுதி, அவர்களும் கேட்கப்பட வேண்டும் என்று கோர வேண்டும்.