அடைக்கலப் பொருள்

தனக்கு உரிமையில்லாத உயிரின்மீது மனிதனுக்குக் கடமை உண்டா? நியூசிலாந்தின் மிராண்டாக் கரையில் கோடையைக் கழித்து, அலாஸ்காவில் முட்டையிடும் பட்டைவால் மூக்கன் என்னும் பறவை, இடைவழியில் மஞ்சட் கடலோரத்து யாலு ஆற்று முகத்துவாரத்தில் இறங்கி, சற்றே மேல்நோக்கி வளைந்த நீண்ட அலகை ஈரச் சேற்றில் அடிவரை செருகி, புழுவும் சிப்பியும் தேடியுண்டு, அடுத்த பிரயாணத்துக்கான கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சேற்றுநிலம் அழியுமாயின், மிராண்டாவில் செய்த பாதுகாப்பெல்லாம் வியர்த்தமே. இதை உணர்ந்தே 2004-ல் அவ்விரு கரைகளின் காவலர்களும் சகோதர உடன்படிக்கை செய்துகொண்டனர். பறவை இருவருக்கும் சொந்தமன்று. ஆயினும் இருவரிடமும் அடைக்கலமாக வந்து தங்குகிறது. சுவாதீனத்திலிருந்து பிறப்பது அதிகாரம். அடைக்கலத்திலிருந்து பிறப்பதே தர்மம். அத்தர்மம் நம் எல்லைக்கு அப்பாலும் அந்த உயிரைப் பின்தொடர்கிறது என்பதும், அயலானோடு கைகோத்தாலன்றி அதை நிறைவேற்ற இயலாது என்பதும் என் துணிபு.