காவற்காரனே, செய்தி போயிற்றா?



இந்த மாதம் ஒரு ஆகாய விமானத்தைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன். "ஐயாவுக்கு என்ன ஆச்சு, யுத்தக் கதை சொல்றாரே" என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி வரைக்கும் வாசியுங்கள். இது ஆவியானவர் என் இருதயத்தில் வைத்த பாரம். முதலாவது எனக்கு, அப்புறந்தான் உங்களுக்கு.

1942ஆம் வருஷம், ஏப்ரல் 4ஆம் தேதி, சனிக்கிழமை. பெரிய வெள்ளிக்கு மறுநாள். விடிந்தால் உயிர்த்தெழுந்த ஞாயிறு. இலங்கையின் தெற்கே காலி பட்டணத்துக்குப் பக்கத்தில் கொக்கலை என்று ஒரு களப்பு உண்டு. அந்தக் களப்பிலிருந்து அன்று அதிகாலையிலே ஒரு கட்டலினா விமானம் கிளம்பியது. கட்டலினா என்பது தண்ணீரிலேயே இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்புகிற விமானம். குண்டும் போடும், ரோந்தும் சுற்றும். வேகம் குறைச்சல்; ஆனால் மணிக்கணக்காய் வானத்தில் நிற்கும். அதில் ஒன்பது பேர். அவர்களுக்குத் தலைவன் லியோனார்ட் பிர்ச்சால் என்கிற கனடா தேசத்து வாலிபன். வயது 26. இலங்கைக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது.

பகலெல்லாம் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டே சுற்றினார்கள். ஒன்றுமில்லை. ரோந்து முடிகிற நேரம், சாயங்காலம் சுமார் 4 மணிக்கு, தெற்கே அடிவானத்தில் சில கரும்புள்ளிகள் தெரிந்தன. கரையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால். தேவபிள்ளையே, கொஞ்சம் யோசித்துப் பார். "நமக்கென்ன, டூட்டி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்" என்று திரும்பியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர்கள் கிட்டே போனார்கள்.

கிட்டே போனால், ஜப்பானின் பெரிய கப்பற்படை! விமானங்களைச் சுமக்கும் கப்பல்கள் மாத்திரம் ஐந்து. நாலு மாதத்துக்கு முன்னே பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் படை, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒளிந்துகொள்ள வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஜப்பானிய சண்டை விமானங்கள் சீறிக்கொண்டு எழும்பின.

அந்த நிமிஷத்தில் அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று. கம்பியில்லாத் தந்தியில் செய்தியைத் தட்டினார்கள். எத்தனை கப்பல், எந்த இடம், எந்தத் திசை. ஒரே செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது கட்டளை. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு பாய்ந்து தந்திக் கருவி உடைந்தது. விமானம் தீப்பற்றிக் கடலில் விழுந்தது. ஒருவர் விமானத்தோடே மூழ்கினார். தண்ணீரில் குதித்தவர்கள்மேலும் சுட்டார்கள். காயப்பட்ட இன்னும் இரண்டு பேர் அங்கேயே மரித்தார்கள். மீதி ஆறு பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று தூக்கிக்கொண்டு போனது.

"செய்தி அனுப்பினாயா?" என்று கேட்டு அடித்தார்கள். "அனுப்பவில்லை" என்றார்கள். அதே நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு தந்தி வந்ததாம்: செய்தியைத் திரும்ப அனுப்பு! ஜப்பானியரும் அதைக் கேட்டுவிட்டார்கள். அடி இன்னும் பலமாய் விழுந்தது. ஆனால், அன்பானவர்களே, அடிபட்டவர்களுக்கு அதில் ஒரு சமாதானமும் இருந்திருக்கும் அல்லவா? செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது!

அன்று ராத்திரியே கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஏராளமான கப்பல்கள் அவசரமாய் வெளியேற்றப்பட்டன. ஞாயிறு காலையில், ஜனங்கள் ஈஸ்டர் ஆராதனைக்குப் போகிற வேளையில், நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து குண்டு போட்டன. சேதம் உண்டு, சாவும் உண்டு. ஆனால் அவர்கள் தேடி வந்த கப்பல்களில் அநேகம் அங்கே இல்லை. பிறகு பிர்ச்சாலுக்கு 'இலங்கையின் இரட்சகன்' என்று பேர் கொடுத்தார்கள். இரட்சகர் என்கிற நாமத்தை நாம் ஒருவருக்கு மாத்திரமே சூட்டுவோம். ஆனாலும் அந்தப் பேர் ஏன் வந்தது? அவர் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. ஒரு குண்டையும் போட்டு ஜெயிக்கவில்லை. கண்டதைச் சொன்னார். அவ்வளவுதான்!

அதே படைப்பிரிவின் இன்னொரு கட்டலினா ஏப்ரல் 9ஆம் தேதி அதே கப்பற்படையைத் திருகோணமலைக்குக் கிழக்கே கண்டு, செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை. பிர்ச்சாலாவது மூன்றரை வருஷம் சிறையிருப்பில் இருந்து, 1945இல் விடுதலையாகி, 2004 வரை உயிரோடிருந்தார். இவர்களுக்கு அதுவுமில்லை. கடல்தான் கல்லறை.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று சொல்லாதே. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸ் பட்டணத்து ஜனங்கள் பயந்துபோய் மூட்டை முடிச்சோடு கிராமங்களுக்கு ஓடினார்கள். நாம் தினந்தோறும் வலை போடுகிற இதே வங்காள விரிகுடாவில் அந்த நாட்களில் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூழ்கின.

எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஊர் மதில்மேல் நிற்கிற காவற்காரனைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். ஆபத்து வருவதைக் கண்டு அவன் எக்காளம் ஊதினால், கேட்டும் அசட்டை பண்ணினவனுடைய இரத்தப்பழி அவன்மேலேயே இருக்கும். கண்டும் ஊதாமல் இருந்தாலோ, கணக்குக் காவற்காரனிடத்தில் கேட்கப்படும்.

நம்முடைய மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். பாத்தியில் உப்பு பூத்து வாரிக் குவித்திருக்கும். திடீரென்று கிழக்கே மேகம் கறுக்கும். முதலில் பார்க்கிறவர் என்ன செய்வார்? தன் குவியலை மாத்திரம் ஓசைப்படாமல் மூடிக்கொள்வாரா? "ஏய், மழ வருது, மூடுங்க!" என்று கத்துவார். அந்தச் சத்தம் பாத்தி பாத்தியாய்ப் போகும். கத்தாமல் இருந்தால் எத்தனை குடும்பத்தின் பாடு கரைந்து தண்ணீராய்ப் போகும்!

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கை நடுங்குகிறது.

2023ஆம் வருஷம் மே மாதம் எக்கியார்குப்பத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் சிலர் கள்ளச்சாராயம் குடித்தார்கள். அதில் இருந்தது மெத்தனால் என்னும் விஷம். வாந்தி, மயக்கம், கண் இருட்டிப்போயிற்று. ஞாயிறு விடிந்தபோது ஆம்புலன்ஸ் பாண்டிச்சேரிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். நான் பாட்டுப் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தெருவெல்லாம் ஒப்பாரி. ஆராதனை நடத்த வாய் வரவில்லை.

அதற்குச் சில மாதம் முன்னே ஒரு சகோதரி என்னிடத்தில் வந்தார்கள். "ஐயா, குப்பத்துல பாக்கெட்டு சாராயம் விக்கிறாங்க. எம் புருஷன் சம்பாதிக்கிறது பூரா அதுலதான் போவுது. நீங்க ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?" என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெபம் பண்ணுவோம் அம்மா" என்றேன். தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். பெரியவர்களைக் கூட்டிப் பேசவில்லை. அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதவில்லை. குடிக்கிற அந்த மனுஷனைத் தேடிப்போய் உட்கார்ந்து பேசவில்லை. எனக்குப் பயம். விற்கிறவன் ஊர்க்காரன், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே என்கிற பயம்.

ஜெபம் தப்பா? ஒருபோதும் இல்லை! ஆனால் பயத்தை மூடுவதற்கு நான் ஜெபத்தைப் போர்வையாய் எடுத்தேனே, அதுதான் என் பாவம். கரும்புள்ளியைக் கண்டேன். செய்தி அனுப்பவில்லை. அந்த ஒன்பது பேர் உயிர் போகிற நேரத்திலும் மூன்றாந்தரம் தட்டினார்கள். நான் ஒருதரங்கூடத் தட்டவில்லை. அந்தச் சகோதரியின் புருஷன் அன்றைக்குக் குடிக்கவில்லை, இன்றும் உயிரோடிருக்கிறார். அது தேவனுடைய கிருபை, என் ஊழியம் அல்ல. பிறகு நான் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்கள்.

எழுப்புதல், எழுப்புதல் என்று கூப்பிடுகிறோம். அந்நிய பாஷை பேசுகிறோம், கை தட்டுகிறோம். நல்லது, ஸ்தோத்திரம்! ஆனால் எழுப்புதல் என்றால் முதலாவது தூங்குகிற காவற்காரன் எழும்புவதுதான்.

இன்றைக்கு உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது? மகன் செல்போனில் பணம் கட்டிச் சீட்டாடுவது தெரிகிறதா? தம்பி கந்துவட்டியில் மாட்டிக்கொண்டது தெரிகிறதா? பக்கத்து வீட்டில் ஒரு பெண் ராத்திரியில் அழுகிற சத்தம் கேட்கிறதா? ஜெபம் பண்ணு. முழங்காலிலிருந்து எழுந்ததும் போய்ச் சொல்லு. அன்பாய்ச் சொல்லு. ஒருதரம் கேட்காவிட்டால் மூன்றுதரம் சொல்லு. தனியாய்ப் போகப் பயமாயிருந்தால் என்னைக் கூப்பிடு, நானும் வருகிறேன்.

எச்சரிப்பைக் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பில் செய்தி வந்ததும் கப்பலை நகர்த்தினார்கள். செய்தி வந்தும் நங்கூரத்தைத் தூக்காத கப்பலை யாராலும் காப்பாற்ற முடியாது. உனக்குச் செய்தி வந்தாயிற்று. இன்றே நகர்ந்து வா!

இந்த மாத உபவாச ஜெபத்தில், கண்டும் பேசாமலிருந்த காரியங்களை ஒவ்வொருவரும் கர்த்தரிடத்தில் அறிக்கை செய்வோம். நான் முதலாவது முழங்காலிடுவேன்.

கர்த்தர் தாமே உங்களையும், கடலுக்குப் போகிற உங்கள் பிள்ளைகளையும், உப்பளத்தில் உழைக்கிற உங்கள் கைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென். அல்லேலூயா!

ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
எக்கியார்குப்பம்