செத்தவன் எந்தச் சாமியைக் கும்பிட்டான்?

சாவு விழுந்த வீட்டில் நம் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி 'எப்ப எடுக்கிறாங்க?' என்பது. அடுத்தது 'யாருக்கெல்லாம் சொல்லணும்?' சட்டம் கேட்கிற முதல் கேள்வி இந்த இரண்டும் இல்லை. செத்தவன் எந்த மதம் என்று அது கேட்கிறது. அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் அவன் விட்டுப்போனதில் யாருக்கு எவ்வளவு என்று வாயைத் திறக்கும். துறைமுகத்தில் எத்தனை வருஷம் மூட்டை தூக்கினான், யாரோடு ஒரே சட்டியில் சாப்பிட்டான், கடைசி ஆறு மாசம் யார் அவனுக்கு மூத்திரத் துணி மாற்றினார்கள் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகும் வராது.

ராயபுரத்தில் ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஞானஸ்நானம் வாங்கியவன். தம்பி ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன். இருவருக்கும் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். அப்பன் இல்லை, கிழவி உயிரோடு இருக்கிறாள். இருவருமே உயில் எழுதாமல் சாகிறார்கள். ஆளுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வங்கியில் கிடக்கிறது. தம்பி பணத்துக்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம்: பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், தாய், நாலு பேருக்கும் ஆளுக்கு முப்பதாயிரம். அண்ணன் பணத்துக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: பெண்டாட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. ஆளுக்கு நாற்பதாயிரம். தாய்க்கு ஒன்றுமில்லை. பிள்ளை குட்டி இருக்கும்போது பெற்றவளை அந்தச் சட்டம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அதே கிழவி. அதே வயிறு. சின்னவன் செத்தால் அவள் வாரிசு, பெரியவன் செத்தால் அவள் யாரோ. நான் தெருவில் நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன். இதை ஒரு ஆயாவிடம் விளக்கிச் சொன்னபோது அவர் கேட்டார்: "பெரியவன நான் இன்னா சர்ச்சுலயா பெத்தேன்?"

வாதத்துக்காக ஜோடித்த கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரை நம் வீடுகளில் மாதா படமும் மாரியம்மன் படமும் ஒரே சுவரில் தொங்குகின்றன. ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற சொந்தபந்தம், காசு என்று வந்ததும் இரண்டு சட்டப் புத்தகங்களாகப் பிரிகிறது.

நமக்கு ஏது சொத்து, நமக்கு எதற்கு வாரிசுச் சட்டம் என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது நியாயமான கேள்விதான். பண்ணையில் நம் பாட்டன் விட்டுப்போனது கடன். அப்பன் வாங்கியதற்கு மகன் அடிமையாகக் கிடந்தான், அவனுக்குப் பிறகு பேரன் கிடந்தான். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரும்வரை அந்த வாரிசுரிமைக்கு மட்டும் யாரும் தாசில்தாரிடம் சான்றிதழ் கேட்கவில்லை. இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. குடிசை மாற்று வாரியம் கொடுத்த ஒரு வீடு, வைப்பு நிதி, பணிக்கொடை, கம்மல், தையல் மெஷின் என்று ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. கொஞ்சமாக இருப்பதால்தான் சண்டை பெரிதாக இருக்கிறது. வங்கிக் கணக்கில் நாமினி என்று பெயர் இருந்தாலே பணம் தனக்குச் சொந்தம் என்று முக்கால்வாசிப் பேர் நம்புகிறார்கள். நாமினி என்பவர் பணத்தைக் கைநீட்டி வாங்குகிறவர், அவ்வளவுதான். வாங்கியது வாரிசுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வாரிசு யார் என்று பார்க்கப் போனால் மறுபடியும் அந்த முதல் கேள்விதான் வந்து நிற்கும்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 26ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மதம் மாறியவருக்கு மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளும் அவர்கள் வழி வந்தவர்களும் இந்துச் சொந்தக்காரர் யாருடைய சொத்துக்கும் வாரிசாக முடியாது. சாவு நடக்கிற நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. மாறியவருக்குத் தடை இல்லை. 1850இலேயே கம்பெனி அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு அவரைக் காப்பாற்றியது. மேல்சாதி இந்துக்கள் வங்காளத்திலும் சென்னையிலும் மனுமேல் மனு போட்டு எதிர்த்த சட்டம் அது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மாறியவரோடு நின்றுவிடும், அவர் பிள்ளைகளுக்கு வராது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1930இல் சொல்லிவிட்டது. 1956இல் நம் ஆட்சியும் அதையே எழுதி வைத்தது.

நம் வீட்டில் இது எப்படி விழும் என்று பாருங்கள். ஆயா பேரில் கிரயப் பத்திரம் ஆன வாரிய வீடு. மகன் கிறித்தவனாகிறான், பிறகு பிள்ளைகள் பிறக்கின்றன. ஆயாவுக்கு முன்னாடி மகன் செத்துப்போகிறான். அப்புறம் உயில் எழுதாமல் ஆயாவும் போகிறாள். அவள் மடியில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல் கிடையாது. அவர்கள் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி, கிறித்தவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்கிறார்கள். அந்த ஆணையில் 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு மூடியே இருக்கிறது. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அதை மறுபடியும் உறுதி செய்தது. ஆக, சான்றிதழும் போச்சு, ஆயா வீடும் போச்சு. சேரி மட்டும் போகவில்லை.

பௌத்தத்துக்குப் போனவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏன் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் பௌத்தரையும் இந்து என்றுதான் எண்ணுகிறது! பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கொடுக்கும் இந்துச் சட்டத் தொகுப்பை அம்பேத்கர் கொண்டுவந்தார், அதை இழுத்தடித்துக் கைவிட்டதால் 1951இல் மந்திரி பதவியைத் தூக்கிப் போட்டார். 1956இல் லட்சக்கணக்கான ஜனங்களோடு இந்து மதத்தை விட்டே வெளியேறினார். அதே 1956இல் வந்த சட்டம், வெளியேறியவர்களின் சொத்தை இந்துக் கணக்கிலேயே எழுதியது.

நம்மில் ஒருவர் குடும்பத்தின் வாரிசுச் சண்டை ஒரு காலத்தில் லண்டன் வரை போயிருக்கிறது. நம் பத்திரிகைகளில் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பெல்லாரி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. மாத்யூ ஆபிரகாம் பறையர் வம்சத்தில் வந்த கிறித்தவர். பெல்லாரி தண்டுப் பக்கம் கடை வைத்தார், சாராயக் காய்ச்சல் குத்தகை எடுத்தார், பெரும் பணம் சேர்த்தார். சார்லட் பாக்ஸ் என்ற சட்டைக்காரப் பெண்ணைக் கட்டினார். தம்பி பிரான்சிஸைத் தொழிலில் சேர்த்துக்கொண்டார். 1842இல் உயில் எழுதாமல் செத்துப்போனார். அதற்குப் பிறகு தொழிலை நடத்தியது பிரான்சிஸ். பங்கு என்று வந்தபோது அண்ணிக்கும் மைத்துனனுக்கும் முட்டிக்கொண்டது.

பிரான்சிஸ் வைத்த வாதம் என்ன தெரியுமா? நாங்கள் கிறித்தவர்களானாலும் பூர்வத்தில் இந்துக்கள், ஆகவே எங்களுடையது பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பம், அண்ணன் சொத்தில் எனக்கு இந்து தர்மப்படி பங்கு உண்டு. எந்தச் சாஸ்திரம் பறையனைத் தெருவுக்குள் விடவில்லையோ அதே சாஸ்திரத்தைப் பறையனே கோர்ட்டில் கையில் எடுத்தான். சார்லட் தரப்போ, எங்கள் வீட்டுச் சாப்பாடு, துணிமணி, கல்யாணம் எல்லாம் சட்டைக்காரர் வழக்கம், இந்துச் சட்டம் எங்களுக்கு எதற்கு என்றது. மாத்யூ தொப்பி போட்டாரா, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று ஏராளமான சாட்சிகள் கூண்டேறிச் சொன்னார்கள். செத்த மனுஷனின் கோட்டும் தட்டும் வழக்குக் கட்டுக்குள் போயின.

1863இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. மதம் மாறியவனை இந்துச் சட்டம் கட்டாயமாகக் கட்டிப்போடாது. பழைய மதத்தோடு பழைய சட்டத்தையும் அவன் விட்டுவிடலாம், அல்லது மதத்தை விட்டபிறகும் பழைய சட்டத்தையே வைத்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தான் என்பதை அவன் வாழ்ந்த விதத்தில் பார்க்க வேண்டும். மாத்யூ வாழ்ந்த விதம் சட்டைக்காரர் விதம், ஆகவே கூட்டுக் குடும்பம் என்ற தம்பியின் வாதம் நிற்காது.

இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, சங்கடமும் வந்தது. ஒரு தலித், எந்தச் சட்டத்துக்குள் வாழ்வது என்பதைத் தன் வாழ்க்கையாலேயே தீர்மானிக்க முடியும் என்று அன்றைய உச்ச மன்றம் ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை. அந்த வாசலும் அதிக நாள் திறந்திருக்கவில்லை. 1865இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் கிறித்தவருக்கு இதுதான் சட்டம் என்று ஒரே அடியாக எழுதி, அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. சங்கடம் எது என்றால், வாழ்ந்த விதம் என்று மன்றம் பார்த்தது கோட்டையும் தொப்பியையும். தம்பி அந்தச் சாராயக் காய்ச்சலில் சிந்திய வேர்வையை வாரிசுரிமைக் கணக்கில் எதில் எழுதுவது? இந்துச் சட்டம் அவனை இரத்தத்தைக் காட்டச் சொன்னது, ஆங்கிலச் சட்டம் வழக்கத்தைக் காட்டச் சொன்னது. உழைப்பைக் காட்ட இரண்டிலும் இடமில்லை.

உழைப்பைக் கேட்ட சட்டம் வேறு ஒரு பக்கத்தில் இருந்தது. 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை எண்ணூர்த் தொழிற்சாலைக்காரர்களும் துறைமுகக்காரர்களும் அறிவார்கள். அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. வேலையில் அடிபட்டுச் செத்தவனுக்கான பணம் யாருக்கு என்று அந்தச் சட்டம் சொன்னபோது மதத்தைக் கேட்கவில்லை. விதவை, மைனர் பிள்ளை, கல்யாணம் ஆகாத மகள், இவர்களோடு விதவைத் தாயையும் அதே வரிசையில் வைத்தது. நான் மேலே சொன்ன பெரியவன் கிரேன் அறுந்து விழுந்து செத்திருந்தால், அவன் உயிருக்கான பணத்தில் ஆயா பங்கு கேட்கலாம். அவன் வங்கியில் சேர்த்த பணத்தில் கேட்க முடியாது. ஒரு சட்டம் அவன் உழைப்பில் யார் சோறு தின்றார்கள் என்று கேட்டது. இன்னொன்று அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்று கேட்கிறது. முதல் கேள்விதான் மனுஷன் கேட்கிற கேள்வி என்பது என் கட்சி.

இந்து என்றால் மட்டும் சரியாக நடக்கிறதா? 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு. கல்யாணமான மூன்றாம் மாசம் புருஷன் பாம்பு கடித்துச் செத்தார். மாமியார் வீடு அந்தப் பெண்ணைத் துரத்திவிட்டது. தாய் வீட்டில் படித்து, வேலைக்குப் போய், சம்பாதித்து, 1996இல் உயில் இல்லாமல் செத்துப்போனார். அவர் தானே சம்பாதித்த சொத்து யாருக்குப் போனது? பிறந்த வீட்டுக்கு இல்லை, துரத்திய வீட்டின் நாத்தனார் பிள்ளைகளுக்கு! குழந்தை இல்லாத விதவையின் சொத்து புருஷன் வகையறாவுக்கு என்று சட்டத்தில் இருக்கிறது, பரிதாபத்துக்காக மாற்ற முடியாது என்றார்கள்.

நம் தெருக்களில் தாலி ஒருத்திக்கு, பாடு ஒருத்திக்கு என்று இருக்கிற வீடுகளும் உண்டு. முதல் மனைவி இருக்கும்போதே கட்டிக்கொண்டவளின் பிள்ளைகளுக்குத் தகப்பன் பங்கில் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் அது இந்துத் திருமணச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு. பிள்ளைக்கு இடம் கிடைத்தது, பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. இருபது வருஷம் மீன் கூடை தூக்கி அவனுக்குச் சோறு போட்டவள் வாரிசுச் சான்றிதழில் பெயரில்லாமல் நிற்கிறாள். இதில் முதல் மனைவியின் நியாயத்தையும் நான் மறுக்க மாட்டேன். விட்டுவிட்டுப் போனது அவளை.

'அப்படின்னா யார் பார்த்துக்கிட்டாங்கன்னு விசாரிச்சுக் குடுக்கலாமா?' என்று கேட்டால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நம் வீட்டில் யாருக்கு யார்மேல் பாசம் என்று ஆபீசில் உட்கார்ந்து எவனோ ஒருவன் தீர்மானிப்பதைவிட இரத்தக் கணக்கே தேவலாம் என்று தோன்றும் நாட்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்கிறார்கள். உத்தரகாண்ட் 2025 ஜனவரியில் அப்படி ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் பெற்றோருக்கு எல்லா மதத்திலும் பங்கு உண்டு, வரவேற்கிறேன். கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சேரி ஜனங்களின் படுக்கையை எட்டிப் பார்க்க இன்னொரு ரிஜிஸ்தர். சொத்துக்கு மட்டும் பொதுவாகி, சாதிச் சான்றிதழுக்கு மதம் பார்க்கிற சட்டம் எனக்குப் பொதுவாகத் தெரியவில்லை.

அதுவரை கையில் இருக்கிற ஆயுதம் உயில். தானே சம்பாதித்ததை இந்துவும் கிறித்தவரும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முத்திரைத் தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. எழுதுகிறவர் கையெழுத்தோ ரேகையோ வேண்டும், இரண்டு பேர் சாட்சி வேண்டும். கிறித்தவர் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ அவர் புருஷன் பெண்டாட்டிக்கோ எழுதியது செல்லாமல் போய்விடும். கல்யாணம் செய்துகொண்டால் முன்னால் எழுதிய உயிலும் செத்துவிடும். இந்துவுக்கு இந்த இரண்டு விதியும் இல்லை. கிரயப் பத்திரம் ஆகாத வாரிய வீட்டை உயிலில் எழுதிப் பயனில்லை, அதை வாரியத்தில்தான் கேட்க வேண்டும். 'உயில் எழுதினா சாவு வந்துரும்' என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, எழுதாதவர்களும் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன வருஷம் தண்டையார்பேட்டையில் ஒரு அம்மா எழுத வைத்தார். கூட இருந்து பார்த்துக்கொண்ட தங்கச்சி மகளுக்கு வீடு, மகனுக்குக் கம்மல். "என் பையன் கோச்சுக்குவான், கோச்சுக்கட்டும் தம்பி. அவன் வந்து மூணு வருசம் ஆவுது" என்றார். இஸ்திரி போடுகிறவர் ஒரு சாட்சி, டீக்கடைக்காரர் ஒரு சாட்சி. மதம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். அப்படி ஒரு இடம் அந்தத் தாளில் எதற்கு என்று திருப்பிக் கேட்டார். உயிலுக்கு அது தேவையில்லைதான். அடித்துவிட்டு ரேகை வைக்கச் சொன்னேன்.