பற்றவைத்த இடம்

போன வருஷம் ஆவணியில் அப்பாவின் ஆர்எக்ஸ் 100ஐ விற்றோம். அந்தப் பணத்தில் யாருடைய காசு எவ்வளவு என்ற கணக்கு எனக்கு இன்னும் முடியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியச் சாலைக்கு வந்தது 1985இல். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், பதினோரு குதிரைத்திறன், நான்கு கியர், இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். நூறு கிலோவைச் சற்றே தாண்டிய எடைக்கு அந்தச் சக்தி அதிகம். மற்ற வண்டிகள் நகர யோசிக்கும் நேரத்தில் இது போய்விட்டிருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்பதைப் படத்தில் மட்டும் பார்த்த எங்கள் பக்கத்துக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, 1996இல் தயாரிப்பு நின்றது. அப்பா வாங்கியது 1995இல், புது வண்டி. கடையில் நீலம் என்று சொன்ன நிறத்தை அவர் ஒருநாளும் நீலம் என்று சொன்னதில்லை. மயில்கழுத்து என்பார். தறியில் உட்கார்ந்தவருக்கு நிறத்தின் பெயர் புடவையிலிருந்துதான் வரும்.

தெள்ளாரிலிருந்து வந்தவாசி வழியாக ஆரணிக்குப் போய் பட்டும் ஜரிகையும் வாங்கி வருவார். நெய்து முடித்த புடவைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவார். ஒரு பாவுக்கு மூன்று புடவை. பஸ்ஸில் போனால் ஒரு நாள் தறி நிற்கும், வண்டியில் போனால் அரை நாள். அந்த அரை நாள் கூலிதான் வண்டியின் நியாயம் என்று அம்மாவிடம் சொல்லித்தான் வாங்கினார். அது முழு உண்மை இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும். டீக்கடைக்கு நூறடி தூரம், அதற்கும் வண்டி எடுப்பார்.

இப்போது அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. கிக்கரை உதைக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அம்மாவின் முழங்காலோ நடக்கவே இடம் கொடுக்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அப்பாவே ஒருநாள் ராத்திரி, சாப்பிட்ட தட்டில் கை கழுவியபடி, "வண்டிய குடுத்துடலாம்டா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த எண்ணம் ஒரு மாதமாக இருந்தது.

சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைத் தேடி வாங்கிச் சேர்ப்பவர். விஷயம் தெரிந்தவர் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. ஜப்பானிலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டிய ஆரம்பக் கால வண்டிகளுக்குத்தான் உச்ச விலை, உங்களுடையது அது இல்லை என்று பணிவாகச் சொன்னார். ஆனால் இன்ஜின் நம்பர் மாறவில்லை, டேங்க்கில் கம்பெனி பெயின்ட், ஆயில் பம்ப்பைக் கழற்றி எறியாமல் வைத்திருக்கிறீர்கள் (எங்கள் ஊரில் பாதிப் பேர் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டினார்கள்), ஆகவே 1,35,000 தரலாம் என்றார். எனக்குத் தொண்டை உலர்ந்துவிட்டது. எண்பதுக்கு மேல் நான் நினைக்கவே இல்லை.

அப்போது அப்பா குனிந்து, ஹேண்டில் பாருக்குக் கீழே கை வைத்து, "தம்பி, இங்க பாருங்க. 2006ல வந்தவாசி ரோட்ல புளியமரத்துல மோதினது. கழுத்து உட்டுப்போச்சு, பத்த வச்சிருக்கேன்" என்றார்.

அவர் கேட்கவில்லை. கேட்காததை அப்பா சொன்னார். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் சைலன்சரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த இடம் தெரியாதா? தெரியும். காலையில் வண்டியைத் துடைத்தவன் நான்தான். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே கிரீஸ் இருக்கும்படி விட்டவனும் நான்தான்.

வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. "சேசிஸ் போச்சுன்னா அப்படியே வச்சுக்க முடியாதுங்க ஐயா. இன்னொரு வண்டி வீட்ல இருக்கு, சேசிஸ் நல்லா இருக்கு. உங்க இன்ஜின், டேங்க், மீட்டர் எல்லாம் அதுக்கு எடுத்துக்கறேன். 95 தர்றேன்" என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜரிகைக்காரன் மாதிரி சொல்றீங்க" என்றார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் தெருவில் வருவார்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் ஏற்றியது. வாங்குகிறவருக்குப் புடவை வேண்டாம். எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி நிற்கும். அந்த வெள்ளியின் எடைதான் விலை. கோர்வைக்கு எத்தனை நாள் ஆனது, முந்தானையில் என்ன போட்டிருக்கிறது என்பதெல்லாம் தராசில் ஏறாது. (இன்றைய செம்பு ஜரிகைப் புடவைக்கு அந்த விலையும் கிடையாது. சில கல்யாணங்களின் ஞாபகத்தை இனி யாரும் எரித்துக்கூட வாங்க மாட்டார்கள்.) அப்பா ஒருமுறை தான் நெய்த புடவை ஒன்றை ஜரிகைக்காரரின் மூட்டையில் பார்த்திருக்கிறார். கரையை வைத்து அடையாளம் தெரிந்ததாம். அன்று வீட்டுக்கு வந்து தறியில் உட்காரவில்லை என்று அம்மா சொல்வாள்.

அப்பா தொண்ணூற்றைந்தை மறுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து, செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பக்கத்து ஊர்ப் பையனுக்கு எழுபதாயிரத்துக்குக் கொடுத்தார். கையில் நாற்பது, மீதி ஆறு மாதத் தவணை. அந்தப் பையன் வண்டியை ஓட்டுவான். அது ஒன்றுதான் தகுதி.

ஷூ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பொருளுக்கு இரண்டு பயன் உண்டு என்று சொல்ல அரிஸ்டாட்டில் எடுத்த உதாரணம் செருப்புதான். போட்டுக்கொள்வது ஒன்று, கொடுத்து வேறொன்று வாங்குவது ஒன்று. முதலாவதுதான் அந்தப் பொருளுக்கே உரியது என்றார். அப்பா அரிஸ்டாட்டில் படித்ததில்லை. ஆனால் அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்ததில் அதே நியாயம்தான் இருக்கிறது.

பொருளாதாரம் படித்தவர்கள் அப்பாவை வேறு மாதிரி விளக்குவார்கள். 1990இல் கானமன், நெட்ச், தாலர் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிரபலமானது. மாணவர்களில் சிலருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். வைத்திருந்தவர்கள் சொன்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கைக்கு வந்து சில நிமிடங்களே ஆன கோப்பைக்கே அப்படி. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தவர் விலையைக் கூட்டவில்லை, தானே குறைத்துக்கொண்டார். பற்றுள்ளவன் அதிகம் கேட்பான் என்பது பாதிதான். பற்று சில சமயம் வாங்குகிறவனின் யோக்கியதையைக் கேட்கும், அதற்காகப் பணத்தை விட்டுக்கொடுக்கும்.

இன்னொரு காரும் நினைவுக்கு வருகிறது. 2002இல் சச்சின் டெண்டுல்கர் பிராட்மனின் 29 சதங்களைத் தொட்டதற்காக ஃபியட் நிறுவனத்தின் சார்பில் ஷூமாக்கர் ஒரு ஃபெராரி 360 மொடேனாவின் சாவியைக் கொடுத்தார். ஒரு கோடிக்கு மேலான சுங்க வரியை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது. எதிர்ப்பு வந்து வழக்கானது. கடைசியில் ஃபியட்டே கட்டியது. 2011இல் சச்சின் அந்தக் காரை சூரத் தொழிலதிபர் ஒருவருக்கு விற்றார். பரிசாக வந்ததை விற்கலாமா என்று அப்போது பலர் கேட்டார்கள். நானும் டீக்கடையில் கேட்டவன்தான். இப்போது அந்தக் கேள்வி எனக்கு அத்தனை பெரிதாகத் தெரியவில்லை. இலவசமாக வந்த காருக்கும் யாரோ வரி கட்ட வேண்டியிருந்தது என்பதுதான் உறுத்துகிறது.

இங்கேதான் என் கணக்கு. 1,35,000க்கும் 95,000க்கும் நடுவே உள்ள நாற்பதாயிரம் எங்களுடையது இல்லை. உடையாத சேசிஸுக்கான பணம் அது, எங்களிடம் அது கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டு அதை வாங்கியிருந்தால் சென்னைக்காரரின் பையிலிருந்து எடுத்ததுதான். அப்பாவிடம் பிறகு கோபப்பட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "புடவையில ஒரு இழ விட்டிருந்தா கூலில புடிப்பான். மறச்சா அப்புறம் பாவே தர மாட்டான்." இதில் பயமும் இருக்கிறது, நாணயமும் இருக்கிறது. ஐம்பது வருஷத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் 95க்கும் 70க்கும் நடுவே உள்ள இருபத்தைந்தாயிரம் வேறு. அது நேர்மைக்குக் கொடுத்த விலை இல்லை. அந்தப் பணம் நியாயமாக எங்களுக்கு வரவேண்டியது. வண்டி துண்டாகக் கூடாது என்ற ஆசைக்காக அப்பா அதை விட்டார். வண்டி அவர் பெயரில். ஆசையும் அவருடையது. ஆனால் ஆபரேஷன் பில் என் பெயரில்.

எங்கள் ஊருக்கு இந்த மாதிரி ஒரு கதை ஏற்கெனவே உண்டு. தெள்ளாற்றுப் போரில் வென்றதால் தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்று பெயர் பெற்ற பல்லவன், தன்மேல் பாடிய கலம்பகத்தில் சாவு வைத்திருக்கிறது என்று தெரிந்தும் ஒவ்வொரு பந்தலாக எரிய எரிய உட்கார்ந்து கேட்டு, கடைசிப் பாட்டைச் சிதைமேல் இருந்து கேட்டுச் செத்தான் என்பார்கள். சரித்திரம் இல்லை, கதைதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இதைச் சொன்னபோது தமிழுக்காக உயிர் கொடுத்தவன் என்று உடம்பு சிலிர்த்தது. அந்த ராஜாவுக்கு மனைவி, பிள்ளைகள் இருந்திருப்பார்களே, அவர்கள் அன்று ராத்திரி என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

குறைந்த பணத்துக்கு என் மனைவியின் இரட்டைவடச் செயினை அடகு வைத்தோம். அவள் மறுக்கவில்லை. வங்கி வாசலில் மட்டும் சொன்னாள்: "மாமா உடைசல சொன்னது சரிதான். நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனா அந்த இருபத்தஞ்சு என்னுதுலருந்து போச்சுன்னு அவருக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆபரேஷன் முடிந்து அம்மா வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த வாரம், அப்பா திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் பையன் மூன்றாம் தவணை கொண்டுவந்த பணத்தை இரண்டு தடவை எண்ணி என் கையில் கொடுத்தார். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். கிளம்பிப் போன சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

"ஆஸ்பத்திரி செலவெல்லாம் சரியா கட்டுச்சாடா?" என்றார்.

"கட்டுச்சுப்பா" என்றேன்.