டேப்பட் சத்தமும் கருதல் அளவையும்

காரியத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்வது எதுவரை செல்லுபடியாகும்? மணிமேகலை இவ்வகைக் கருதலை 'எச்சம்' என்கிறது. ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேலே பெய்த மழையை அறிவது அதற்கு எடுத்துக்காட்டு. ஓவர்ஹால் முடிந்த பழைய புரோட்டோன் சாகா ஒன்று பட்டர்வொர்த் பட்டறையில் டிக் டிக்கென்று அடித்தால் அங்கே நடப்பதும் இதே கருதல்தான். 1985இல் வெளிவந்த அந்தக் காரின் 1.3 லிட்டர் இஞ்சினில் எட்டு வால்வுகள். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறக்கும். சத்தம் அந்தக் கணக்கில் விழுந்தால், வால்வைத் தள்ளும் 'டேப்பட்'டின் இடைவெளிதான் என்று தீர்ப்பு வந்துவிடும். ஆனால் ஹெட்டைத் திரும்ப மாட்டியபோது எக்சாஸ்ட் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றாலும், கசிகிற புகை அதே கணக்கில்தான் டிக் அடிக்கும். வெள்ளம் மழையாலும் வரும், அணை திறந்தாலும் வரும். இஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக் வயரைக் கழற்றினால் வழக்கு தெளிகிறது: கசியும் சிலிண்டரின் முறை வரும்போது கசிவுச் சத்தம் அடங்கும், டேப்பட் சத்தம் அப்படியே இருக்கும். காரணத்தை நீக்கிக் காரியம் நீங்குகிறதா என்று பார்க்கும் இதைத்தான் தர்க்க நூலார் வெதிரேகம் என்றார்கள்.

பழகிய காதுக்கு இந்தச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். பழக்கம் உருவானது தொழிற்சாலையில் பூட்டிய இஞ்சின்களைக் கேட்டு. பிரித்துப் பூட்டியதிலோ புதியதும் தேய்ந்ததும் கலந்து கிடக்கின்றன. அளவுகோல் பொய் சொல்லாதே என்பதும் முழு உண்மையல்ல. வால்வுத் தண்டின் நுனியில் குழி விழுந்திருந்தால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு குழிக்கு மேலே பாலம்போல் நிற்கும். இடைவெளி சரியென்று காட்டும், சத்தம் நிற்காது.

சைவ சித்தாந்த நூலான மெய்கண்டாரின் சிவஞான போதம் தொடங்குவதும் எச்சத்தில்தான்: உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் காரியம், ஆகவே அதற்குக் கருத்தா உண்டு. உலகத்தின் பிளக் வயரைக் கழற்றிப் பார்க்க யாராலும் முடியாதே, பிறகு இது எப்படி நிற்கும் என்று ஒருவர் மறுக்கலாம். குடத்தைக் கண்டால் குயவன் உண்டென்று கொள்ள அத்தகைய சோதனை வேண்டாம் என்பது சித்தாந்தியின் பதில். அதை நான் ஏற்கிறேன். டிக் சத்தத்துக்கு ஏதோ காரணம் உண்டு என்பதில் எந்த மெக்கானிக்குக்கும் ஐயமில்லை. எது காரணம் என்பதில்தான் சிக்கல். கருத்தா உண்டு என்பதிலிருந்து அவன் சிவனே என்பதற்குப் போகக் கருதல் மட்டும் போதாது. அதே மரபில் வந்த சிவஞான சித்தியார் காட்சி, கருதலோடு உரையையும் (நூற்சான்றையும்) அளவையாக வைத்தது இந்த இடைவெளி தெரிந்துதான் என்று நினைக்கிறேன். தர்க்கத்தாலேயே சிவனை நிறுவிவிட்டதாக மேடையில் முழங்குபவர்கள் மெய்கண்டார் மரபு கேட்காத சுமையைத் தூக்கிக்கொள்கிறார்கள்.